சவாரிக்காரனுக்கு மைக்கில் பேர் இல்லை

அன்று காலை ரோட்டில் நின்றவர்கள் இவர்கள்.

நான்.

மலைக்காரன். மலைமேல் இருக்கும் கரியாலூருக்கும் மேலே ஒரு சின்ன ஊர் அவனுக்கு. என்னைவிட மூன்று வயது சின்னவன். நானும் அவனும் ஒரே முதலாளிக்குச் சைக்கிள் ஓட்டினோம்.

முதலாளி. கள்ளக்குறிச்சியில் நெல் மில் வைத்திருந்தார். எங்கள் இரண்டு சைக்கிளும் அவருடையவை.

மாட்டுக்காரர். முதலாளியின் பந்தய மாடுகளை முன்பு ஓட்டியவர். மாடுகளை விற்ற பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

மைக்காரர். டுடோரியலில் பாடம் எடுப்பவர். விழா என்றால் மைக் அவர் கையில்தான் இருக்கும்.

மற்ற முதலாளிகள். அவர்களுடைய சவாரிக்காரர்கள். பின்னால் பைக்கில் கத்திக்கொண்டு வரப்போகிறவர்கள்.

வராதவர் ஒருவர். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர். அவருக்காகத்தான் அத்தனை பேரும் நின்றோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கியர் சைக்கிளில் மலை ஏறுகிறார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார்கள், சென்னையிலிருந்து வருகிறார்கள். இரண்டு பேர் டீக்கடையில் என்னைக் கேட்டார்கள். "இந்த ஏரியால முன்னாடி ரேஸ் எதுனா நடந்திருக்காண்ணா?" நடந்திருக்கிறது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களிடம் சொல்லாததை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

கோர்ட்டுத் தடையால் மாட்டுவண்டிப் பந்தயம் நின்றிருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சி அப்போது ஜில்லா ஆகவில்லை. பந்தயம் இல்லாமல் முதலாளிகளுக்குக் கை அரித்தது. யாரோ ஒருத்தர் சைக்கிள் விடலாம் என்றார். பொங்கலுக்கு ஊரில் பையன்கள் ஓட்டும் சைக்கிள் பந்தயம் வேறு. அதில் எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். இது வேறு. இதில் முதலாளி சைக்கிள் வாங்குவார். ஓட்ட ஆள் வைப்பார். ஓட்டுகிறவனுக்கு அன்றைய கூலியும் சோறும். பரிசு முதலாளிக்கு. எங்கள் பக்கத்தில் கூலிக்குச் சைக்கிள் ஓட்டியவர்களில் முதல் ஆட்கள் நாங்கள்தான்.

மாட்டுக்கு இருந்த வழக்கம் அத்தனையும் அப்படியே சைக்கிளுக்கு வந்தது. ஹேண்டில்பாருக்கு மஞ்சள் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மைக்கில் முதலாளி பேரைச் சொல்வார்கள். இன்னார் வண்டி முன்னால் வருகிறது, இன்னார் வண்டி பின்தங்கிவிட்டது என்று சொல்வார்கள். மிதிக்கிறவன் பேரைச் சொல்ல மாட்டார்கள். மாட்டின் பேரையாவது ஒருமுறை சொல்வார்கள். நாங்கள் 'சவாரி'. தியாகதுருகத்துச் சவாரி என்றால் நான். மலைச் சவாரி என்றால் அவன்.

சைக்கிள் சாதாரண இருபத்திரண்டு இஞ்ச் வண்டி. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றிவிடுவோம். கிளம்புமுன் கமிட்டி ஆள் வந்து பிரேமில் பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பான். அதே வண்டியில்தான் போய்ச் சேர வேண்டும். பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு போகலாம். ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் எதுவும் வாங்கக்கூடாது. தொடக்கூடாது. தொட்டால் இரண்டு பேரும் அவுட்.

இந்தத் தொடாத சட்டம் எப்படி வந்தது என்றால், ஒரே முதலாளிக்கு இரண்டு சவாரி இருந்தால் ஏற்றத்தில் ஒருவன் முதுகில் கைவைத்து இன்னொருவனைத் தள்ளிவிடுவான் என்று மற்ற முதலாளிகளுக்குப் பயம். அதனால் போட்டார்கள். ஒருத்தர் மட்டும் கேட்டார், விழுந்தவனைக்கூடத் தூக்கக்கூடாதா என்று. மைக்காரர் அதற்கு ஒரு கதை சொன்னார். பிரான்ஸ் நாட்டில் ஆரம்பத்தில் ரேஸ் விட்டபோது இப்படித்தானாம். ரப்பர் டயரைத் தோளில் மாலை மாதிரி சுற்றிக்கொண்டு ஓட்டினார்களாம். ஒருவனுக்கு மலையில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை உடைந்துவிட்டது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கொல்லுப் பட்டறையில் அவனே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சேர்த்தான். துருத்தியை மட்டும் இன்னொருவன் இழுத்தான். அதற்கே அபராதம் போட்டார்கள்.

"வெள்ளக்காரனே அப்புடிக் கறாரா இருந்துக்கிறான்" என்றார் மைக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரும்பு அடிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கவை உடைந்தவன் செய்ததை நானும் செய்திருப்பேன். துருத்தி இழுத்தவனை யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மில் களத்தில் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"ரெண்டு பேருக்கும் தீனி போட நம்மால ஆவாதுடா. நாளைக்கு எவன் மொதல்ல கரியாலூர் போறானோ, அவன் இங்கயே இருந்துக்கலாம். மாசச் சம்பளம். வேற வேல கெடையாது, சைக்கிள் ஓட்றதுதான் வேல. இன்னொருத்தன் வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம். இன்னா?"

"சரிங்க மொதலாளி" என்றோம்.

சைக்கிள் ஓட்டுவதற்கு மாசச் சம்பளம் என்பதை எங்கள் பக்கம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் அப்போது கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். லாரிக்கு மேலே கட்டைத் தலையில் வைத்துப் பலகையில் ஏறுவது. சீசன் முடிந்தால் வேலை இல்லை. கழுத்து மட்டும் வருஷம் முழுக்க வலிக்கும். எனக்கு அந்த இடம் வேண்டும்.

அவனுக்கும் வேண்டும். அவனுடைய அண்ணனை ஒரு மேஸ்திரி ஆந்திராவுக்குத் திருட்டுச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனான். கூட்டிப்போகும்போது பெயிண்ட் வேலை என்றான். போனவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அண்ணன் அங்கே ஜெயிலில் இருந்தான். அதே மேஸ்திரி இப்போது தம்பியைக் கேட்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டான். அண்ணனுக்கு வக்கீல் வைக்கத் தம்பி வந்து வேலை செய்யட்டும் என்றானாம்.

"அடுத்த வாரம் வண்டி வருதுண்ணா" என்று அவன் என்னிடம் சொன்னான். "இதுல நான் வந்துட்டா போவ வாணாம். இல்லாங்காட்டி ஏறிட வேண்டியதுதான்."

"பாக்கலாம்" என்றேன்.

"நீ எனுக்கு வுட்டுக் குடுக்க மாட்டியே?"

"மாட்டன்."

"அதான் கேட்டேன்" என்று சிரித்தான்.

மலையில் அவனை யாரும் பிடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். சமதரையில் நான் முன்னால் போவேன். மலையடிவாரத்து அணை தாண்டியதும் அவன் என்னைத் தாண்டுவான். அதற்கு முன்பு நான்கு தடவை அப்படித்தான் ஆனது.

மாட்டுக்காரர் அன்று சாயங்காலத்திலிருந்தே எங்களுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார். பந்தய மாட்டுக்கு அவர் வைத்திருந்த வழக்கம் அது. வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் கால் ஓடாது என்பார். உளுந்துக் கஞ்சி ஒரு சொம்பு கொடுத்தார், கெட்டியாக. அவ்வளவுதான்.

மலைக்காரன் கேட்டான். "அப்புடியே வாய்க்கூடு ஒண்ணு கட்டி வுட்டுடேண்ணே."

"கட்டலாம்டா. நீ பேசறது கொஞ்சம் கம்மியாவும்."

"மூக்கணாங்கவுறு?"

"அது ஒம் பொண்டாட்டி போடுவா."

எல்லோரும் சிரித்தோம். அவருக்கு எங்கள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ராத்திரி கால் அமுக்கிவிடுவார். வேப்பெண்ணெய் தடவுவார். மாட்டுக்கும் அதையே செய்தார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய பந்தயம். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கச்சிராயபாளையம் போகிற ரோடு. ஐந்தரைக்கே நிறுத்திவிட்டார்கள். பெயிண்ட் புள்ளி வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பெரிய மனிதர் வரவில்லை. ஏழு மணிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். எட்டு மணிக்கும் வந்துகொண்டிருந்தார். பங்குனி மாசம். ரோட்டோரத்துப் புளியமரத்தை எல்லாம் அகலப்படுத்த வெட்டியிருந்தார்கள். முதலாளிகளுக்கு ஷாமியானா போட்டிருந்தது. சவாரிக்காரன் வண்டியை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் வேறு வண்டியில் புள்ளி வைத்து மாற்றிவிடுவான் என்றார்கள்.

மைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். முதலாளிகளுக்கு மோர் வந்தது, ரோஸ்மில்க் வந்தது.

ஒன்பது மணி இருக்கும். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டு நான் கரும்புக் காட்டுக்குள் போனேன். உள்ளே ஒரு பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் வாய் வைத்துக் குடித்தேன். வயிறு கொள்ளும் மட்டும் குடித்தேன். தலையை நனைக்கவில்லை, தெரிந்துவிடும் என்று. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மலைக்காரன் சைக்கிள்மேல் சாய்ந்து நின்றான். உதடு வெள்ளையாக இருந்தது.

"ண்ணா, உள்ள தண்ணி ஓடுது இல்ல? சத்தம் கேக்குது."

"ஓடுது."

"நீ குடிச்சியா?"

"இல்ல."

"நான் போய் ஒரு வாய் குடிச்சிக்கினு வரட்டா?"

"வாணாம்டா. அந்தாளு பாத்துட்டான்னா மொதலாளிகிட்ட வத்தி வெச்சிடுவான். ஓட வாணாம்னு ஒக்கார வெச்சிடுவாங்க."

மாட்டுக்காரர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"நீ சொன்னா சரிண்ணா" என்றான். போகவில்லை.

பத்து மணிக்குமேல் பெரிய மனிதர் வந்தார். காரை விட்டு இறங்கிக் கொடியை அசைத்துவிட்டு மறுபடி காரில் ஏறினார். பின்னால் பைக்குகள் கத்தின.

கச்சிராயபாளையம் வரை நான் முன்னால். எப்போதும்போல. காற்று அனல். தார் இளகி டயரில் ஒட்டியது. அணைக்கரை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவன் என்னைத் தாண்டினான். எப்போதும்போல. தாண்டும்போது ஏதாவது கிண்டல் செய்வான். "இன்னாண்ணா, லோடு ஜாஸ்தியா?" என்பான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது. முதுகில் சட்டை காய்ந்திருந்தது. எனக்கு வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது, அவனுக்கு ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது.

மூன்று வளைவு வரை கண்ணுக்குத் தெரிந்தான். அதற்கப்புறம் தெரியவில்லை. சரி, போய்விட்டான் என்று நினைத்தேன். கரும்பு லோடுதான் நமக்கு என்று நினைத்தேன். காலை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த வளைவில் அவனுடைய சைக்கிள் ரோட்டின் நடுவில் கிடந்தது. அவன் ஓரத்தில் இருந்தான். தடுப்புச் சுவரில் முதுகு சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி. முகம் செங்கல் நிறம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். கையைத் தூக்கப் பார்த்தான். மணிக்கட்டு வரைதான் வந்தது.

நான் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போனேன். காலைத் தரையில் ஊன்றவில்லை. அந்த ஏற்றத்தில் ஊன்றினால் மறுபடி கிளம்ப முடியாது.

சட்டம் இருந்தது, அதனால் போனேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சட்டம் இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

பின்னால் பைக் சத்தம் கேட்டது. மாட்டுக்காரர் முதலாளியின் மச்சான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவனைப் பார்த்தார். பைக்கை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்தார்.

"திரும்பிப் பாக்காத. அது போச்சு. நீ மிதி" என்றார்.

மிதித்தேன்.

கரியாலூரில் மைக் கட்டியிருந்தது. முதலாளி பேரை மூன்று தடவை சொன்னார்கள். ஹேண்டில்பாருக்கு மாலை போட்டார்கள். முதலாளி தோளுக்கு ஒரு மாலை. எனக்கு யாரோ ஒரு சோடாவைக் கொடுத்தார்கள். குடித்தேன். இறங்கியது. நன்றாக இறங்கியது.

கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு குட்டியானை வண்டி வரும், நின்றுபோனவர்களை ஏற்றிக்கொள்ள. அதில் அவனைக் கொண்டுவந்தார்கள். சைக்கிள்களுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. என்னென்னமோ பேசினான். மரம், மரம் என்றான்.

முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு எதுனா ஆச்சா?"

"பெடல் வளஞ்சிடுச்சிங்க, வேற ஒண்ணும் இல்ல."

"சரி, எறக்கு அத மொதல்ல."

சைக்கிளை இறக்கிவிட்டுத்தான் வண்டி திரும்பியது. மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றுக்குப் போனால் டீத்தண்ணி நிறத்தில் வந்ததாம். பிறகு வருவதே நின்றுபோனதாம். இருபது நாள் படுத்திருந்தான்.

மாட்டுக்காரர் மில்லில் என்னோடு உட்கார்ந்து பீடி குடித்தார். நான்கு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"எத்தினி மாடு ஓட்டிக்கிறேன். ஒண்ணுக்கும் இப்புடி ஆவலடா" என்றார்.

"மாட்ட எங்க கட்டி வெப்பீங்க, பந்தயம் ஆரம்பிக்கறவரைக்கும்?"

"நெழல்ல."

பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பிறகு அவரே சொன்னார். "வெயில்ல நாலு மணி நேரம் நிறுத்தினா மாடு நிக்காது. கவுத்த அறுத்துக்கினு பூடும். நீங்க நின்னீங்களேடா."

எனக்கு மாசச் சம்பளம் வந்தது. மில்லில் படுத்தேன். காலையில் ஓட்டினேன், சாயங்காலம் ஓட்டினேன். சின்னசேலத்தில் ஓட்டினேன், சங்கராபுரத்தில் ஓட்டினேன். சிலதில் ஜெயித்தேன். மலைப் பந்தயம் மட்டும் அதற்கப்புறம் யாரும் வைக்கவில்லை. அடுத்த வருஷம் மாட்டுப் பந்தயம் திரும்ப வந்தது. முதலாளி ஒரு ஜோடி வாங்கினார். சைக்கிள்களைப் பழைய இரும்புக்குப் போட்டார். மாட்டுக்குத் தவிடு வைக்க இருக்கிறாயா என்று என்னைக் கேட்டார். இருந்தேன். பிறகு ஒருநாள் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சைக்கிள் ஏறுவதில்லை.

அவன் ஒரு வருஷம் தேறி நடமாடினான் என்று கேள்விப்பட்டேன். பிறகு கிட்னி கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. போய்ப் பார்க்கவில்லை.

போன தை மாசம் பஸ் ஸ்டாண்டில் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருவன் வந்து என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தான். முகம் வீங்கி, கறுத்து, கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னாண்ணா, லோடு ஜாஸ்தியா?" என்றான்.

பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். ஆட்டோவை எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறான். ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் பண்ணுகிறார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தால் சாயங்காலம் திரும்புகிறான். கூப்பிட இன்னும் அரை மணி இருக்கிறது என்றான்.

"டீ சாப்புட்றியா?"

"எனுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோதாண்ணா தண்ணி" என்று விரலால் ஒரு டம்ளர் அளவு காட்டினான். "டீயும் அதுலயே சேத்தி. நம்ம மாட்டுக்காரரு மாதிரியே ஒரு டாக்டரு."

அவனே சிரித்தான்.

"அண்ணன் வந்துட்டானா?"

"வந்துட்டான். அவன்தான் எனுக்குச் சோறு போட்றான். நான் கேட்டது கெடச்சிச்சிண்ணா. மரம் வெட்டப் போவல."

நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே சொன்னேன்.

"அன்னிக்கு நான் தண்ணி குடிச்சிட்டேன்டா."

"தெரியும். ஒஞ் சட்ட மாரு நனஞ்சிருந்துச்சி."

"தெரிஞ்சிக்கினா கேட்ட?"

"நீ இன்னா சொல்றன்னு பாக்கலாம்னு கேட்டேன்."

"அப்பறம் ஏன் நீ போய்க் குடிக்கல?"

"நீ வாணாம்னு சொன்ன இல்ல." ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க கெடந்தப்போ எனுக்கு நெனவு இருந்துச்சிண்ணா. கையி காலுதான் வரல. கண்ணு தெரிஞ்சிச்சி. ஆரு வரானோ, நிப்பான்னு நெனச்சேன். ஒருத்தன் போனா அடுத்தவன் நிப்பான்னு நெனச்சேன். வேற வேல இல்ல. எண்ணிக்கினு கெடந்தேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். அவன் ஒரு காலை இறக்கி, கம்பியைப் பிடித்து, மெதுவாக இன்னொரு காலை இறக்கினான். நான் அவன் முழங்கையைப் பிடித்தேன். விடு என்று சொல்லவில்லை.

"எத்தினி பேரு போனோம்?" என்று கேட்டேன்.

"உன்னோட சேத்து, பதிமூணு."